எல்லைக் கல்லுக்கு வெளியே ஒரு மலை

சூரியன் தன்னுடைய மவுஸுக்குக் கட்டுப்பட்டது என்று சுயம்புராஜ் மனதார நம்பினான். அவனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அஜிதா தினமும் அந்த வேடிக்கையைப் பார்க்க வேண்டியிருந்தது.

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, முதல் மாடியில் அவனுடைய ஆபீஸ். அதற்கும் மேலே மொட்டைமாடியை ஒட்டிய இரண்டு அறைகளில் குடித்தனம். வீடு கட்டப் போகிறவர்கள் கணவனும் மனைவியுமாக வந்து நாற்காலியில் உட்காருவார்கள். சுயம்புராஜ் எழுந்து விளக்கை அணைப்பான். திரையில் அவர்கள் கட்டப் போகும் வீடு பொம்மை போல எழும்பி நிற்கும். அவன் மவுஸின் சக்கரத்தை ஒரு விரலால் உருட்டுவான். மஞ்சள் பந்தாக ஒரு சூரியன் கிழக்கே முளைத்து, கூரைக்கு மேலே வளைந்து, மேற்கே இறங்கும். வெயில் நிறைய விழுகிற இடம் சிவக்கும். விழாத இடம் நீலமாகும். இடைப்பட்டதெல்லாம் ஆரஞ்சும் மஞ்சளும்.

"பாத்தியளா? இது டிசம்பர். இனி மே மாசத்தைக் கொண்டு வரட்டா?" என்பான், மே மாதம் ஏதோ பக்கத்து அறையில் அவனுக்காகக் காத்திருப்பதைப் போல.

ஒரு நாள் ஒரு பெண் கேட்டாள், "எனக்க அடுக்களைக்குக் கொஞ்சம் செவப்பு கூட்டித் தாருங்க சார். ஒரே இருட்டாக் கெடக்கு."

சுயம்புராஜ் கூட்டிக் கொடுத்தான். ஜன்னலைப் பெரிதாக்கினானா? இல்லை. திரையின் ஓரத்தில் இருந்த நிறங்களின் அளவுகோலை இரண்டு படி இறக்கினான். அடுக்களை குங்குமமாகச் சிவந்தது. அந்தப் பெண் மகிழ்ச்சியோடு எழுந்து போனாள். அவளுடைய அடுக்களை இன்றைக்கும் இருட்டாகத்தான் இருக்கும். பகலிலேயே பல்பைப் போட்டுக்கொண்டு அவள் மீன் வெட்டிக்கொண்டிருப்பாள்.

இவன் இந்த வித்தையை எங்கே கற்றான்? இரணியல் பக்கத்தில் பிறந்து, டிப்ளமோவை எப்படியோ முடித்து, 2004-ல் ஷார்ஜாவுக்குப் போனான். அங்கே ஒரு பெரிய கம்பெனி. கட்டிடங்களுக்கு வெயில், காற்று, வெளிச்சம் எல்லாம் எப்படி வரும் என்று சாஃப்ட்வேரில் கணக்கிட்டுச் சொல்கிற கம்பெனி. அதில் சுயம்புராஜின் வேலை, மற்றவர்கள் கணக்கிட்டதைப் பிரின்ட் எடுத்து பைண்டிங் செய்வது. அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் பழகிக்கொண்டான். அந்த நாட்டில் மனையெல்லாம் தட்டையான மணல். வேலை தொடங்கும்போது தரை என்று ஒரு சதுரப் பலகையைப் போடுவார்கள். அதன் மேல் கட்டிடத்தை உட்கார வைப்பார்கள். அவ்வளவுதான். ஆகவே பூமி என்பது ஒரு சதுரப் பலகை என்று சுயம்புராஜ் முடிவு செய்துகொண்டான். மலையும் மேடும் பள்ளமும் நிறைந்த ஒரு ஜில்லாவில் பிறந்த பிள்ளை!

2009-ல் அங்கே வேலை குறைந்தது. கம்பெனி முதலில் அனுப்பி வைத்த ஆட்களில் இவனும் ஒருவன். ஊரில் வந்து இறங்கியதும், "சொந்த மண்ணுக்கு ஏதாவது செய்யணும்னு வந்துட்டேன்" என்று சொன்னான். மாலை போடாத குறைதான்.

அடுத்த வருஷம் அஜிதாவைப் பெண் பார்க்க வந்தான். அவள் ஜாக்ரஃபி படித்தவள். மலைகளையும் ஆறுகளையும் கோடுகளாக வரைந்து வைத்த வரைபடங்களைப் பாட்டுப் புத்தகம் போல வாசிக்கத் தெரிந்தவள். கம்ப்யூட்டரில் சூரியனை ஓட்டுகிற மாப்பிள்ளை என்றதும் அந்தப் பேதை நெஞ்சு என்னென்னவோ கற்பனை செய்தது. அவனும் தானும் சேர்ந்து உட்கார்ந்து நிலத்தைப் படிக்கப் போகிறோம் என்று நினைத்தாள். ஐயோ, எத்தனை பெண்களின் கற்பனைகள் இப்படி ஒரு கொட்டாவியில் முடிந்துபோகின்றன! கல்யாணமான மறு மாதமே அவளுக்கு விளங்கிவிட்டது. படிக்கிறவள் அவள். சக்கரம் உருட்டுகிறவன் அவன்.

நிலத்தின் மேடுபள்ளத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்குகிற வேலையை அஜிதா தானாகவே கற்றுக்கொண்டாள். சாட்டிலைட் எடுத்த உயரக் கணக்கை இறக்கி, புள்ளிகளைச் சிறு சிறு முக்கோணங்களாகக் கோத்து, மீன்வலையைத் தரையில் விரித்தாற்போல நிலத்தை விரிப்பாள். வீட்டை அதன் மேல் வைப்பாள். பிறகுதான் நிழல் உண்மையாக விழும். சுயம்புராஜுக்கு இது பிடிக்கவில்லை. வலை பெரிதானால் கம்ப்யூட்டர் திணறும். கம்ப்யூட்டர் திணறினால் சூரியன் விக்கி விக்கி நகரும். சூரியன் விக்கினால் வீடு கட்ட வந்தவர்கள் முன்னால் அவனுக்கு மானக்கேடு!

இப்படிப்பட்டவன் கையில்தான் தாணம்மாள் தன்னுடைய ஒரே ஆசையைக் கொடுத்தாள்.

தாணம்மாள் அஜிதாவின் அம்மா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் இளவயதிலேயே போய்விட்டான். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக நைட் டூட்டியை விரும்பி வாங்கினாள். காலையில் வந்து மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு உறங்குவாள். எழும்பும்போது பகல் முக்கால்வாசி போயிருக்கும். மிச்சம் இருந்த கால்வாசிக்கும் அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர்கள் குடியிருந்தது வடசேரியில் ஒரு முடுக்குச் சந்து. மேற்கே ஒரு குடோனின் நெடுஞ்சுவர். அந்தச் சுவர் அவளுடைய அந்திகள் எல்லாவற்றையும் தின்று தீர்த்தது.

மகள் ஓடி விளையாடுகிற அந்தி வெளிச்சத்தைத் தாய் கண்டதில்லை. இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும் அழுவதற்கு? ஆனால் தாணம்மாள் அழுகிறவள் அல்ல. ஓய்வு பெற்றபோது விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. உறக்கம் மட்டும் பழைய டூட்டியிலேயே இருந்தது. அவளுக்கு ஒரு வீடு கட்டலாம் என்று பேச்சு வந்தபோது அவள் மருமகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"மருமகனே, வீட்டை எப்பிடி வேணும்னாலும் கெட்டுங்கோ. ரூமு எத்தனை, டைல்ஸ் என்ன கலரு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எனக்கு ஒத்தைக் காரியம் போதும். மேக்கால ஒரு வராந்தா. அந்தி வெயிலு எனக்க மடியில வந்து விழணும்."

"இதுதானா மாமி? கொள்ளாம். சூரியனை உங்களுக்க மடியில கொண்டு வந்து இருத்திருவேன்" என்றான் சுயம்புராஜ்.

மனையை அவனே பிடித்தான். பூதப்பாண்டிக்கு அந்தப் பக்கம், வயல்கள் முடிந்து மலை எழும்புகிற இடம். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள், காலையில். நம் ஊரில் மண் காரியங்கள் எல்லாம் உச்சிக்கு முன்பே முடிந்துவிடும். மனை பார்ப்பது, அளப்பது, பூஜை போடுவது எதுவானாலும் உச்சி திரும்பிய பிறகு யாரும் புது மண்ணை மிதிக்க மாட்டார்கள். இறங்குகிற வெயிலில் தொடங்கினால் குடும்பமும் இறங்கும் என்று ஒரு பயம். அன்றும் அப்படியே. காலை வெயில் முழுவதும் மலையின் நெற்றியில் அடித்தது. மலை பச்சைப்பசேலென்று, குளித்துத் தலை துவட்டிய பிள்ளை போல, சாதுவாக நின்றது. அதைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை. தாணம்மாள் உறக்கக் கலக்கத்தோடு மேற்கே பார்த்து, "நல்ல காட்சி" என்றாள்.

ஆபீஸில் அஜிதா அம்மாவின் வீட்டுக்கு நிலத்தை விரிக்க உட்கார்ந்தாள்.

"இஞ்ச பாருங்க, மேக்க மலை கெடக்குல்லா. அதையும் சேத்துப் போடட்டா?"

"எந்த மலை?" சுயம்புராஜ் வாழைக்காய் வற்றல் தின்றுகொண்டிருந்தான்.

"நம்ம பிளாட்டுக்கு மேக்க நிக்க மலைதான்."

"அது நம்ம பட்டாவுல உண்டா?"

"பட்டாவுலயா! அது ஃபாரஸ்ட்காரங்களுக்கதுல்லா."

"பின்னெ? அடுத்தவனுக்க சொத்தை நம்ம மாடல்ல எதுக்குட்டி போடுதே? எல்லைக் கல்லு நாலு நட்டிருக்கு. அதுக்குள்ள உள்ளதுதான் சைட்டு. ஷார்ஜாவுல எல்லாம் இப்பிடித்தான்."

"வெயிலுக்கு எல்லைக் கல்லு தெரியுமா?"

"ஏட்டி, பாடம் எடுக்காதே. ஜாக்ரஃபி டீச்சர்."

அவள் கேட்காமல் மலையை இறக்கித்தான் பார்த்தாள். வலை விரிந்துகொண்டே போனது. கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. மவுஸ் அம்பு அசையவில்லை. சுயம்புராஜ் வற்றல் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்து ஸ்விட்சை அணைத்தான். மறுபடி திறந்தபோது மலை இல்லை. எல்லைக் கல்லுக்கு உள்ளே இருந்த ஒன்றரை அடிச் சரிவு மட்டும், மெழுகிய தரை போல அழகாக இருந்தது. சக்கரத்தை உருட்டினான். சூரியன் வழுக்கிக்கொண்டு ஓடி மேற்கே இறங்கியது. வராந்தா அந்தி வரைக்கும் ஆரஞ்சாக ஜொலித்தது.

"கண்டியா? உங்க அம்மைக்க மடி!" என்றான்.

அஜிதா இன்னொரு முறை வாதாடியிருக்கலாம். சண்டை போட்டு, சோறு பொங்காமல் கிடந்து, மலையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஒரு முட்டாளோடு தினமும் வாதாடுகிற பெண்ணுக்கு வருகிற அலுப்பு, அவளையும் பாதி முட்டாளாக்கிவிட்டுத்தான் போகும். மலை தூரத்தில்தானே நிற்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஃபைலை மூடினாள்.

வீடு எழும்பியது. ஞாயிறுதோறும் இருவரும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கும் அவனுடைய உறக்கத்துக்கும் திரும்பிவிடுவார்கள். 'முடிஞ்ச பிறகு பாத்தாப் போதும், சர்ப்ரைஸ்' என்று தாணம்மாளை அவன் வரவிடவே இல்லை. கான்ட்ராக்டர் யேசுரத்தினம் ஒரு நாள் போனில் கூப்பிட்டார்.

"சாரே, இடம் ஏ கிளாஸ். நாலு மணிகூட ஆகண்டாம், நல்ல தணுப்பா நிழலு வந்துருது. எனக்க ஆளுவ ஒருத்தனும் லீவே போடமாட்டேங்கானுவ."

"நம்ம டிசைன் அப்பிடி!" என்றான் சுயம்புராஜ். போனை வைத்துவிட்டு அஜிதாவிடம், "கான்ட்ராக்டரே பாராட்டிட்டான்" என்று மட்டும் சொன்னான். பாராட்டு என்று காதில் விழுந்தால் அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வார்த்தைகள் அவனுக்குக் கேட்பதில்லை.

2012 தை மாதம் பால் காய்ச்சினார்கள். விடியலில் சடங்கு முடிந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வேன் ஏறிப் போனார்கள். சுயம்புராஜ் புது அறையில் விசிறிக்குக் கீழே மல்லாந்தான். தாணம்மாள் பிரம்பு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் மேற்கு வராந்தாவில் போட்டாள். முகத்தை மேற்கே வைத்து உட்கார்ந்து, வீங்கிய விரல்களை மடியில் விரித்தாள்.

வெயில் வந்தது. மூன்று மணி வெயில் அவள் கால்களிலும் மடியிலும் மஞ்சளாக வழிந்தது. அவள் கண்களை மூடினாள். தூணோரம் நின்ற அஜிதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தன் வாழ்நாளில் அந்த முகத்தை இப்படி ஒரு வெளிச்சத்தில் அவள் பார்த்ததே இல்லை! எத்தனை சுருக்கங்கள், எத்தனை அழகு! ஒரு நிமிஷம் புருஷனைக்கூட மன்னித்துவிட்டாள்.

அப்போது சூரியனின் கீழ் விளிம்பு மலையின் முதுகைத் தொட்டது.

அஜிதா முதலில் நம்பவில்லை. சூரியன் இன்னும் உயரத்தில்தானே நிற்கிறது? நிற்கத்தான் செய்தது. மலையும் அவ்வளவு உயரம் நின்றது. நிழல் மலையடியிலிருந்து புறப்பட்டது. முள்புதர்களைக் கடந்தது. வேலியைக் கடந்தது. நட்டு வைத்த நாலு கல்லையும் அது மதிக்கவில்லை. முற்றத்தில் ஏறி, படியில் ஏறி, அம்மாவின் பாதங்களைப் பிடித்தது. பிறகு மடி. பிறகு முகம்.

தாணம்மாள் கண்களைத் திறந்தாள்.

"மேகமா மக்கா?"

"இல்லம்மா."

"பின்னெ?"

"மலை."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அஜிதா உடைந்து போனாள். தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். சத்தம் கேட்டு சுயம்புராஜ் வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். வானத்தைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான். உள்ளே ஓடினான். போர்வை எடுத்துவரப் போகிறான் என்று நினைத்தாள் அஜிதா. அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்!

"மாமி, பதறாதீங்கோ. ஜனவரி மாசம், இதே நேரம். இஞ்ச பாருங்க. வராந்தா ஃபுல்லா ஆரஞ்சு. வெயிலு உண்டு."

"எங்க மருமகனே?"

"இதுல."

"அதுல நான் எப்பிடி ஏறி இருக்கது?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "சாஃப்ட்வேர்ல தப்பு வராது மாமி. அந்த மலை நம்ம ஸ்கோப்புல வராது. அதுதான் பிரச்சினை."

தாணம்மாள் அவனை நெடுநேரம் பார்த்தாள். காய்ச்சல்காரனை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற பார்வை அது.

"ஆஸ்பத்திரியில நான் எத்தனையோ டாக்டர்மாரைக் கண்டிருக்கேன். நோயாளிக்க முகத்தைப் பாக்காம, சார்ட்டை மட்டும் பாத்து மருந்து எழுதுகவனும் உண்டு. நோயாளி செத்த பொறவும் சார்ட்டு சரியாத்தான் இருக்குன்னு சொல்லுவான். அவனுக்குக்கூட நான் குட் மார்னிங் சொல்லியிருக்கேன். உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரல்ல."

"அம்மா, மலையைப் போடாம விட்டது நானும்தான்" என்றாள் அஜிதா, அழுகைக்கிடையில்.

"தெரியும். உன்னைப் படிக்க வச்சது நான்லா. படிச்சவளும் விட்டுட்டாளேன்னு ராத்திரி நான் தனியா நெனைச்சுக்கிடுதேன்." தாணம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். "டவுணுல உங்க மாடியில அந்தி வெயிலு அடிக்குமா?"

"அடிக்கும். அஸ்தமிக்கது வரைக்கும் அடிக்கும். துணி காயப்போட அங்ஙனதான் போவேன்."

"அப்பம் நான் அங்ஙன போறேன். நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுல இருங்கோ."

"அப்ப எனக்க ஆபீஸு?" என்றான் சுயம்புராஜ். ஒரு வயதான பெண்ணின் ஒரே ஆசை அவன் காலடியில் செத்துக் கிடக்கிறது. அவன் கேட்ட கேள்வி இது!

"அதையும் இஞ்ச கொண்டு வாருங்கோ. நீங்க கெட்டின வீட்டை வாறவங்களுக்கு நேருல காட்டலாம்லா."

அவமானப்படுகிற சக்தியுள்ள எந்த மனிதனும் அந்த வார்த்தைக்குத் தலைகுனிந்திருப்பான். சுயம்புராஜ் யோசித்தான். யோசித்து, "நல்ல ஐடியா மாமி" என்றான்.

அந்த வாரமே தாணம்மாள் தன் பெட்டியோடு நாகர்கோவில் மாடிக்குப் போனாள். சுயம்புராஜ் போர்டை மலையடிவாரத்துக்கு மாற்றினான். அஜிதா புருஷனோடு அந்த நிழலில் இருந்தாள். மதியம் கழிந்ததும் வீடு நீலமாகிவிடும். ஒரு நாள், அவன் வெளியே போயிருந்தபோது, அவள் உட்கார்ந்து மலையை உருவாக்கினாள். தூரத்துப் பகுதிகளில் முக்கோணங்களைப் பெரிதாக்கி, வலையை மெலிதாக்கி, கம்ப்யூட்டர் திணறாமல் கொண்டுவந்து நிறுத்தினாள். அரைப் பொழுது வேலை. அரைப் பொழுது! அவ்வளவு செய்திருந்தால் போதும், அம்மாவின் வராந்தா வேறு ஏதோ ஒரு மண்ணில் வெயிலோடு இருந்திருக்கும். சக்கரத்தை உருட்டினாள். திரையில் வராந்தா நாலு மணிக்கு முன்னாலேயே நீலமானது. தன் மீது தானே காறித் துப்பிக்கொள்ள முடியாதே என்று உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த சுயம்புராஜ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டு, "சூரியன் விக்கல்லியே!" என்றான்.

சில வாரம் கழித்து, குவைத்திலிருந்து வந்த பெனிட்டோவும் அவன் மனைவி செசிலியும் வீடு காண வந்தார்கள். குளச்சல்காரர்கள். கடற்கரையை ஒட்டி வீடு கட்ட நினைத்தவர்கள். சுயம்புராஜ் அவர்களை மேற்கு வராந்தாவில் உட்காரவைத்தான். சரியான நேரத்தில் நிழல் வந்தது. செசிலி, "ஹாவூ, என்ன ஒரு தணுப்பு!" என்றாள்.

"ஏசி கெடையாது. மலையை வச்சு நான் பண்ணின டிசைன்" என்றான் சுயம்புராஜ். "மலை எங்க, சூரியன் எங்க, வராந்தா எங்கன்னு கணக்குப் போட்டுத்தான் வச்சது. அஜிதா, அந்த மாடலைக் காட்டு."

அவன் முகத்தில் பொய் சொல்கிறவனின் கூச்சம் கொஞ்சமும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. அவன் பொய் சொல்லவில்லை! இந்தச் சில வாரங்களில் அவன் அதை உண்மையாகவே நம்பிவிட்டிருந்தான்.

"அக்கா, நாங்க மலையை மறந்துபோனோம்" என்றாள் அஜிதா செசிலியிடம். "நிழலு தானா வருகு. இந்த வராந்தாவை எனக்க அம்மா வெயிலு காயதுக்குக் கேட்டா. அம்மா இப்பம் டவுணுல மொட்டைமாடியில இருக்கா."

பெனிட்டோ சுயம்புராஜைப் பார்த்தான். சுயம்புராஜ் தொடையில் தட்டிச் சிரித்தான். "இவளுக்கு எப்பவும் தமாசுதான்! ஜாக்ரஃபிலா படிச்சா."

அஜிதா உள்ளே போய்ப் பையை எடுத்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வயல் வரப்பில் நடந்து ரோட்டுக்கு வந்து, நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினாள். பூதப்பாண்டி தாண்டியதும் மலையின் நிழல் முடிந்தது. பஸ்ஸுக்குள் வெயில் பாய்ந்தது. பக்கத்தில் இருந்தவள் ஷட்டரை இறக்கப் போனாள். "இருக்கட்டும் அக்கா" என்று அஜிதா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். கண்ணீர் தாரையாக ஓடியது.

மொட்டைமாடியில் தாணம்மாள் துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய வெயில்.

"அவரு வரல்லியா?"

"மலையை வித்துட்டு இருக்காரு."

தாணம்மாள் சிரிக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, வெயிலில் மகளுக்கு இடம் விட்டாள். "இரி மக்கா" என்றாள்.

அன்று அஜிதா திரும்பிப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. சுயம்புராஜ். அவள் மனம் ஒரு கணம் துடித்ததை மறைப்பதற்கில்லை. எப்படியானாலும் தாலி கட்டியவன். வா என்று கூப்பிடுவான், தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று அந்தப் பெண் மனம் எதிர்பார்த்தது.

"ஏட்டி, அந்த மலையை எந்த ஃபோல்டர்ல வச்சிருக்கே? குளச்சல் பார்ட்டிக்கு அனுப்பணும்."

அஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"மேக்கு வாசலைத் தொறந்து பாருங்க. அங்ஙனதான் நிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.